குடித்தவர் சொல் அம்பலம் ஏறுமா?
பிளின்ட் நகரத்துத் தண்ணீரை முன்வைத்து

(தலித் மாணவர் படிப்பு வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குடிநீரும் வீட்டுப் பாதுகாப்பும் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். தலைப்பைக் கேட்டால் சுகாதாரத் துறையிலிருந்து யாராவது வந்து பேச வேண்டியது மாதிரி இருக்கு. தண்ணியைக் காய்ச்சிக் குடிங்க, தொட்டியைக் கழுவுங்க, குடத்தை மூடி வைங்க என்று சொல்லிட்டுப் போயிடலாம். அதெல்லாம் தேவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் காய்ச்சினால் போகாத விஷம் ஒன்று உண்டு. காய்ச்சக் காய்ச்சத் தண்ணி ஆவியாகும், விஷம் பாத்திரத்திலேயே நிற்கும், அதனால் மிச்சத் தண்ணியில் அதன் பங்கு கூடும். அந்த விஷம் ஒரு சின்ன நகரத்து வீடுகளுக்குள் குழாய் வழியாகவே வந்தது. வந்ததைக் குடித்தவர்கள்தான் முதலில் சொன்னார்கள். ஒன்றரை வருஷம் அவர்களை யாரும் நம்பவில்லை. அந்தக் கதையைத்தான் பேசப் போகிறேன்.

நகரத்தின் பெயர் பிளின்ட். அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டிலிருந்து நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. நம்மூரில் ஆயிரம் பிரச்சினை கிடக்க அமெரிக்காவுக்கு எதுக்குப் போறீங்க என்று ஒரு தோழர் வரும்போதே கேட்டார். நியாயமான கேள்விதான். 1946இல் பாபாசாகேப் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டு பாய்சுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பர்கள் ஐ.நா. சபையிடம் முறையிடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அந்த மனுவின் படிகள் கிடைக்குமா என்று கேட்டு எழுதிய கடிதம் அது. 1972இல் பம்பாயில் நம்ம ஆட்கள் ஓர் இயக்கம் தொடங்கியபோது, கருஞ்சிறுத்தைகளைப் பார்த்து அதற்குத் தலித் பேந்தர்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் என்ன செய்தார்கள், எதில் ஜெயித்தார்கள், எதில் தோற்றார்கள் என்று பார்ப்பது நமக்குப் பழைய பழக்கம். நிறமும் சாதியும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அது வேறு விவாதம், அதை இன்றைக்கு இழுக்க வேண்டாம்.

ஜெனரல் மோட்டார்ஸ் என்கிற கார் கம்பெனி 1908இல் பிறந்த ஊர் பிளின்ட். 1936-37 குளிர்காலத்தில் அந்தக் கம்பெனித் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து, வெளியே போக மறுத்து, சங்கத்தை ஏற்க வைத்தார்கள். உலகத் தொழிலாளர் வரலாற்றில் பேசப்படும் போராட்டம். 1960 வாக்கில் ஊரில் ஏறத்தாழ 2 லட்சம் பேர் இருந்தார்கள். அப்புறம் கம்பெனி ஆலைகளை ஒவ்வொன்றாக மூடிற்று. வசதி உள்ள வெள்ளையர்கள் புறநகருக்குப் போனார்கள், வரிப்பணமும் கூடவே போனது. கறுப்பின மக்களும் ஏழை வெள்ளையரும் மிஞ்சினார்கள். 2014இல் ஊரில் 1 லட்சம் பேர்கூட இல்லை. பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். 100க்கு 40 பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே. 2 லட்சம் பேருக்குப் போட்ட குழாய், பாதிப் பேருக்குத் தண்ணி கொண்டுபோகிறது. தண்ணி குழாயிலேயே நாள்கணக்கில் தேங்கி நிற்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

நகராட்சி கடனில் மூழ்கியது. உடனே மாநில அரசு என்ன செய்தது? 2011 கடைசியில் 'அவசரகால மேலாளர்' என்று ஓர் அதிகாரியை அனுப்பியது. மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த மேயரும் கவுன்சிலர்களும் பேருக்கு இருந்தார்கள், கையெழுத்து இவருடையது. இந்தச் சட்டம் வேண்டாம் என்று 2012 நவம்பரில் மாநிலம் முழுக்க மக்கள் வாக்களித்துத் தூக்கியெறிந்தார்கள். டிசம்பரிலேயே கிட்டத்தட்ட அதே சட்டத்தை வேறு எண்ணில் கொண்டுவந்தார்கள். மறுபடி வாக்கெடுப்புக்கு விட முடியாதபடி அதோடு ஒரு நிதி ஒதுக்கீட்டையும் சேர்த்துவிட்டார்கள். எப்பேர்ப்பட்ட மூளை பாருங்க! இந்த மேலாளர்கள் போன ஊர்களை வரிசையாக எழுதினால் பெரும்பாலும் கறுப்பர் ஊர்கள். ஒரு கட்டத்தில் அந்த மாநிலத்துக் கறுப்பின மக்களில் ஏறத்தாழ பாதிப்பேர் இப்படி ஓட்டுக்கு மதிப்பில்லாத ஊர்களில் இருந்தார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். தண்ணீரை மாற்றிய சமயத்தில் மேலாளராக இருந்தவர் ஒரு கறுப்பினத்தவர். நம்ம ஊர் தனித்தொகுதியையும், தலித் ஊராட்சித் தலைவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று ஊரை ஆளும் கைகளையும் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. நாற்காலியில் யார் என்பது ஒரு கேள்வி. நாற்காலியை யார் போட்டது, யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது இன்னொரு கேள்வி. அவர் கணக்குக் காட்ட வேண்டியது ஆளுநருக்கு. பிளின்ட் மக்களுக்கு இல்லை.

இனி தண்ணிக்கு வருவோம். 1967 முதல் பிளின்ட் நகரம் டெட்ராய்ட்டிடமிருந்து ஹூரான் ஏரித் தண்ணியை விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தது. செலவைக் குறைக்க வேறொரு குழாய்த் திட்டம் போட்டார்கள். அது முடிகிறவரை ஊரில் ஓடுகிற பிளின்ட் ஆற்றுத் தண்ணியை எடுத்துச் சுத்தம் செய்து கொடுக்கலாம் என்று முடிவு. 2014 ஏப்ரல் 25ஆம் தேதி பொத்தானை அமுக்கி, கண்ணாடிக் குவளையில் தண்ணியை உயர்த்திப் பிடித்துக் குடித்துக் கொண்டாடினார்கள்.

ஆற்றுத் தண்ணியில் குளோரைடு அதிகம். அது குழாயை அரிக்கிற தண்ணி. அப்படிப்பட்ட தண்ணியில் பாஸ்பேட் உப்பைக் கொஞ்சம் கலப்பார்கள். அது குழாயின் உட்சுவரில் மெல்லிய தோல் மாதிரிப் படிந்து, குழாயின் உலோகம் தண்ணியில் கரையாமல் காக்கும். டெட்ராய்ட் தண்ணியில் அது இருந்தது. பிளின்ட்டில் அதைக் கலக்கவே இல்லை. நாளொன்றுக்குச் சுமார் 100 டாலர் ஆகும் வேலை என்று பிறகு கணக்குச் சொன்னார்கள். பழைய நகரம். தெருக்குழாயிலிருந்து வீட்டுக்கு இழுத்த இணைப்புக் குழாய்கள் ஆயிரக்கணக்கில் காரீயத்தால் ஆனவை. அமெரிக்காவில் காரீயக் குழாய்க்குத் தடை வந்ததே 1986இல்தான். பல பத்தாண்டுகளாகப் படிந்திருந்த தோல் உரிந்து, ஈயம் தண்ணியில் இறங்க ஆரம்பித்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். சுத்திகரிப்பு நிலையத்தில் தண்ணியைப் பிடித்துச் சோதித்தால் ஈயம் இருக்காது. தெருவிலும் அநேகமாக இருக்காது. வீட்டுக்குள், சமையல் அறைக் குழாயில், காலையில் முதலில் பிடிக்கிற சொம்பில்தான் இருக்கும். ஒரு வீட்டில் இருக்கும், பக்கத்து வீட்டில் இருக்காது. ருசி கிடையாது, வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. அரசின் ஆய்வகம் ஊர்க்கோடியில் இருக்கு, விஷம் அடுப்பங்கரையில் இருக்கு. வீட்டுப் பாதுகாப்பு என்று சொல்கிறோமே, அதன் சிக்கல் முழுக்க இந்தத் தூரத்துக்குள்தான் இருக்கு.

ஈயம் என்றதும் நம் வீட்டு ரசச் சொம்பு ஞாபகம் வரும். அது வெள்ளீயம், வேறு உலோகம். இது காரீயம். உடம்பு இதைச் சுண்ணாம்புச் சத்து என்று ஏமாந்து எலும்பில் சேர்த்துவைக்கிறது. கர்ப்பகாலத்தில் எலும்பிலிருந்து கரைந்து வயிற்றுப் பிள்ளைக்குப் போகிறது. தாய்ப்பாலுக்கு வழியில்லாமல் பால்மாவைத் தண்ணியில் கலக்கிக் குடிக்கிற கைக்குழந்தைக்குத்தான் அதிகக் கேடு. மூளை வளர்கிற வயசில் கற்கும் திறனைத் தொடும். குழந்தைக்கு இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்கிறது மருத்துவம். வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றச் சொல்கிறது கௌதம தர்ம சூத்திரம். அங்கே ஊற்றுகிறவன் முகமாவது தெரியும். பிளின்ட்டில் சிக்கனக் கணக்கு ஊற்றியது, மாதாமாதம் தண்ணீர்க் கட்டண ரசீதோடு.

தண்ணி மாறிய சில வாரங்களிலேயே மக்கள் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். தண்ணி பழுப்பாக வருது, நாற்றம் அடிக்குது, குளித்தால் தடிப்புத் தடிப்பாக வருது, முடி கொட்டுது என்று பாட்டிலில் பிடித்துக்கொண்டு கூட்டங்களுக்குப் போனார்கள். பாதிரிமார்கள், மூதாட்டிகள், கைக்குழந்தைக்காரிகள். அதிகாரிகள் சொன்ன பதில் ஒன்றுதான்: தண்ணீர் தரநிர்ணயத்துக்கு உட்பட்டே உள்ளது. 2014 ஆகஸ்டு, செப்டம்பரில் மலக்கிருமி இருக்கு, காய்ச்சிக் குடியுங்கள் என்று அவர்களே அறிவிப்பு விட்டார்கள். கிருமியைக் கொல்ல குளோரினைக் கூட்டினார்கள். அதனால் வேறொரு ரசாயனம் அளவு மீறியது.

அக்டோபரில் ஒன்று நடந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, இந்தத் தண்ணி எங்கள் எஞ்சின் பாகங்களை அரிக்கிறது, எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லி வேறு தண்ணிக்கு மாறிக்கொண்டது. அனுமதித்தார்கள்! இரும்பு புகார் சொன்னால் கேட்கிறார்கள், தோழர்களே. பிள்ளைத்தாய்ச்சி சொன்னால் தரநிர்ணயம் பேசுகிறார்கள். 2015 ஜனவரியில் அந்த ஊரில் இருந்த மாநில அரசு அலுவலகக் கட்டடத்தில் ஊழியர்களுக்குத் தனியாகக் கேன் தண்ணி வைத்தார்கள் என்பதும் பிறகு வெளிவந்தது. அதே வாரங்களில் மக்களிடம் பயப்படாமல் குடியுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நம்மூர் டீக்கடையில் இரட்டைக் குவளை என்றால் உடனே கண்ணில் படுகிறது. இது அரசாங்கக் கட்டடத்தில் வைத்த இரட்டைக் குவளை.

2015 மார்ச்சில் நகரமன்றம் டெட்ராய்ட் தண்ணிக்கே திரும்புவோம் என்று 7க்கு 1 என வாக்களித்தது. மேலாளர் முடியாது என்றார். முடிந்தது கதை. ஓட்டுக்கும் குடிதண்ணிக்கும் என்ன சம்பந்தம் என்று இனி யாராவது கேட்டால் இந்த ஒன்றைச் சொல்லுங்கள்.

லீஆன் வால்டர்ஸ் என்று ஓர் அம்மா. நான்கு பிள்ளைகள். பிள்ளைகளுக்குத் தோலில் தடிப்பு, இரட்டையரில் ஒருவனுக்கு வளர்ச்சி நின்றுபோனது. வற்புறுத்தி வீட்டுத் தண்ணியைச் சோதிக்க வைத்தார். அமெரிக்க நடுவண் அரசின் விதிப்படி ஈயம் நூறு கோடிப் பங்குக்கு 15 பங்கைத் தாண்டினால் நடவடிக்கை எடுக்க வேண்டும். நம் நாட்டு ஐ.எஸ். 10500 தரத்தில் வரம்பு 10. அந்த வீட்டில் பிப்ரவரியில் 104, மார்ச்சில் 397. உங்கள் வீட்டுக் குழாய்தான் சரியில்லை என்று பழியை அந்த அம்மா மீதே போட்டுப் பார்த்தார்கள். அந்த வீட்டுக்குள் இருந்ததோ பிளாஸ்டிக் குழாய். ஈயம் வெளியிலிருந்து வந்த இணைப்பில் இருந்தது. அவர் சும்மா இருக்கவில்லை. நகராட்சிக் காகிதங்களைக் கேட்டு வாங்கி உட்கார்ந்து படித்தார். அரிப்புத் தடுப்பு மருந்தே கலக்கவில்லை என்பதைக் கண்டுபிடித்து, நடுவண் சுற்றுச்சூழல் துறையில் மிகுவேல் டெல் டோரல் என்கிற அலுவலரிடம் சொன்னார். அவர் ஜூன் 24ஆம் தேதி எச்சரிக்கைக் குறிப்பு எழுதினார். அந்தக் குறிப்பையும் மேலே இருந்தவர்கள் பொருட்படுத்தவில்லை.

லீஆன் வால்டர்ஸ் வெள்ளையினத்தவர். கறுப்பர் இயக்கத்தில் சிலருக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. முதலிலிருந்து கத்தியவர்கள் கறுப்பின மூதாட்டிகள், செய்தியில் முகம் வந்தது வெள்ளைத் தாய்க்கு என்று. அந்த வருத்தம் சரியானதுதான். அதே சமயம், ஊரைக் கறுப்பர் ஊர் என்று முத்திரை குத்தியபின் அங்கே குடியிருக்கிற வெள்ளைக்காரியின் பேச்சுக்கும் அரை மதிப்புதான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சேரிக்குள் யார் வீடு கட்டினாலும் அது சேரி வீடுதானே?

இங்கே மாணவர்கள் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டிய பகுதி வருகிறது. அரசும் சோதனை நடத்தாமல் இல்லை. நடத்தினார்கள். எப்படி நடத்தினார்கள்? ஈயத்துக்குச் சோதிக்கும்போது குறைந்தது 6 மணி நேரம் யாரும் திறக்காத குழாயில், முதலில் வருகிற தண்ணியைப் பிடிக்க வேண்டும். ராத்திரி முழுக்க ஈயத்தோடு கிடந்த தண்ணி அது. அரசு கொடுத்த குறிப்பு என்ன சொன்னது என்றால், முதல்நாள் ராத்திரி குழாயைச் சில நிமிஷம் நன்றாக ஓடவிட்டுப் பிறகு மூடுங்கள் என்றது. கரைந்ததும் உதிர்ந்ததும் சாக்கடைக்குப் போய்விடும், காலையில் நல்ல தண்ணி வரும். மொத்தம் 71 வீட்டு மாதிரிகள் வந்தன. கணக்குப் போட்டால் வரம்பு மீறி 18 வந்தது. அதிகம் காட்டிய இரண்டை நீக்கினார்கள், 11 ஆகிவிட்டது. நீக்கிய இரண்டில் ஒன்று லீஆன் வால்டர்ஸ் வீடு. பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. எந்தத் தண்ணியைப் பிடிப்பது, எந்த வீட்டில் பிடிப்பது, எதை எண்ணாமல் விடுவது, இந்த மூன்றும் கையில் இருந்தால் போதும், அறிவியலே அவர்கள் பக்கம் சாட்சி சொல்லும்.

மக்கள் அதே அறிவியலைக் கையில் எடுத்தார்கள். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் மார்க் எட்வர்ட்சும் அவருடைய மாணவர்களும் 300 சோதனைப் பொதிகளை அனுப்பினார்கள். ஒவ்வொன்றிலும் மூன்று பாட்டில். முதல் தண்ணிக்கு ஒன்று, 45 விநாடி ஓடவிட்டு ஒன்று, 2 நிமிஷம் ஓடவிட்டு ஒன்று. ஊர்க்காரர்களே வீடு வீடாகப் போய்க் கொடுத்து, எப்படிப் பிடிக்கணும் என்று சொல்லி, திரும்ப வாங்கி, முத்திரை வைத்து அனுப்பினார்கள். 250க்கு மேல் திரும்பி வந்தன. இப்படிப்பட்ட ஆய்வுகளில் பாதி வந்தாலே பெரிசு. 2015 செப்டம்பரில் முடிவு வந்தது: நகரத்துத் தண்ணியில் ஈயம் வரம்பு மீறி இருக்கு. அதற்கு முன்பே லீஆன் வால்டர்ஸ் வீட்டில் அவர்கள் பிடித்த ஒரு மாதிரியில் 13,200. அமெரிக்க விதிப்படி 5,000 தாண்டினால் அது அபாயகரமான கழிவு!

அதே செப்டம்பர் 24ஆம் தேதி மோனா ஹன்னா அட்டிஷா என்கிற குழந்தை மருத்துவர் தன் மருத்துவமனைப் பதிவேடுகளைக் கூட்டிப்பார்த்து வெளியிட்டார். ஈராக்கிலிருந்து வந்த குடும்பத்துப் பெண். 5 வயசுக்குட்பட்ட பிள்ளைகளில் ரத்தத்தில் ஈயம் கூடியவர்கள் 2.4 விழுக்காட்டிலிருந்து 4.9 ஆகியிருந்தார்கள். தண்ணி ஆகக் கெட்டிருந்த வட்டாரங்களில் 4இலிருந்து 10.6. அரசுப் பேச்சாளர் அவர் மக்களை வெறியேற்றுகிறார் என்கிற தொனியில் பேசினார். ஒரு வாரத்தில் அரசின் சொந்தக் கணக்கே அவர் சொன்னதை உறுதிசெய்தது. அக்டோபர் 16ஆம் தேதி பழைய தண்ணிக்குத் திரும்பினார்கள். 2016 ஜனவரியில் அதிபர் ஒபாமா நெருக்கடிநிலை அறிவித்தார். ராணுவ உடையில் ஆட்கள் வீடு வீடாகப் பாட்டில் தண்ணி கொண்டுபோனார்கள். குடியேற்றக் காகிதம் இல்லாத லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள் பல, சீருடையைப் பார்த்துப் பயந்து கதவையே திறக்கவில்லை.

ஈயம் மட்டுமில்லை. துரு ஏறிய குழாயில் குளோரின் செத்துப்போகும். தேங்கிய தண்ணியில் லீஜனெல்லா என்கிற கிருமி வளரும். அதனால் வந்த நுரையீரல் காய்ச்சலில் 2014-15இல் சுமார் 90 பேர் படுத்தார்கள், 12 பேர் செத்தார்கள். ஈயத்தைப் பேசுகிறவர்கள் இந்தச் சாவுகளை அவ்வளவாகப் பேசுவதில்லை.

நீதி என்ன ஆச்சு? 2017இல் மிச்சிகன் சிவில் உரிமை ஆணையம், அமைப்புக்குள் ஊறிய இனவெறியின் விளைவு இது என்று அறிக்கை கொடுத்தது. அதே வருஷம், தண்ணி பாக்கி கட்டாத 8,000க்கும் மேற்பட்ட வீடுகளுக்கு நகராட்சி நோட்டீசு அனுப்பியது. விஷத்துக்கும் பாக்கி! அதிகாரிகள் மீது வழக்குப் போட்டார்கள், 2019இல் கைவிட்டார்கள். 2021இல் முன்னாள் ஆளுநர் ரிக் ஸ்னைடர் உட்பட 9 பேர் மீது புதிதாகப் போட்டார்கள். குற்றம் சாட்டிய முறை செல்லாது என்று 2022இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023இல் எல்லாம் முடிந்தது. ஒருவரும் சிறைக்குப் போகவில்லை. 2021இல் 626 மில்லியன் டாலர் இழப்பீட்டுக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. மக்கள் அமைப்புகள் வழக்காடி வாங்கிய உடன்பாட்டின்படி, ஏறத்தாழ 11,000 காரீய இணைப்புகளைத் தோண்டி எடுத்து மாற்றும் வேலை 2025இல்தான் நிறைவடைந்தது. எந்த வீட்டுக்கு எந்தக் குழாய் என்கிற பதிவே பழைய அட்டைகளில் பென்சிலில் எழுதிக் கிடந்ததாம்.

இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. பிளின்ட் பிள்ளைகள் என்றாலே மூளை கெட்ட பிள்ளைகள் என்று ஒரு பேச்சு பரவியது. ஈயம் கெடுதல் செய்யும், அதை மறைக்கக் கூடாது. ஆனால் நல்ல பள்ளியும் சத்துள்ள சாப்பாடும் மருத்துவமும் கொடுத்தால் அந்தக் கெடுதலைக் குறைக்கலாம். அதைக் கொடுக்காமல் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேர் நெற்றியிலும் எழுதி ஒட்டுவது இன்னொரு விஷம். வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார வைத்து, இவனுக்கு ஏறாது என்று கேட்டு வளர்ந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது நம்மூருக்கு வருவோம். புதுக்கோட்டை மாவட்டம், முத்துக்காடு ஊராட்சி, வேங்கைவயல். 2022 டிசம்பர் 26. பிள்ளைகளுக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு. தண்ணியைப் பாருங்கள் என்று மருத்துவர் சொல்ல, இளைஞர்கள் மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். மலம் கிடந்தது. தலித் தெருவுக்கு மட்டும் தண்ணி போகிற தொட்டி. மறுநாள் ஆட்சியர் வந்தபோது டீக்கடை இரட்டைக் குவளையும், அய்யனார் கோயிலுக்குள் விடாததும் சேர்ந்தே வெளியே வந்தன.

பிளின்ட்டில் யாரும் வேண்டுமென்று விஷம் வைக்கவில்லை. இங்கே யாரோ ஏணியில் ஏறிப் போட்டிருக்கிறார்கள். அந்த வித்தியாசம் பெரிசு. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். 2023 ஜனவரியில் வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. டி.என்.ஏ. சோதனைக்கு ரத்தம் கொடு என்று குடித்தவர்களிடமே கேட்டார்கள். பாதிக்கப்பட்ட நாங்களே ஏன் கொடுக்கணும் என்று பலர் மறுத்தார்கள். உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒருநபர் ஆணையம் வைத்தது. 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தது. அதே தலித் தெருவைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள்தான் குற்றவாளிகள் என்றது. பிப்ரவரியில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகள் விலகி, வழக்கு சாதாரண நடுவர் நீதிமன்றத்துக்கு மாறியது. விடுதலைச் சிறுத்தைகளும் இடதுசாரிகளும் இதை ஏற்கவில்லை, சி.பி.ஐ. விசாரணை கேட்டார்கள். நீதிமன்றத்தில் உள்ளதை நான் இங்கே தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. நான் கேட்பது இதுதான்: புகார் கொடுத்தவன் வீட்டுக் குழாய்தான் பழுது என்று பிளின்ட்டில் சொன்னார்களே, அந்தக் குரலை நீங்கள் இங்கேயும் கேட்கிறீர்களா இல்லையா?

தீர்மானம் காகிதத்தில் கிடக்கும், தண்ணி வேறு வழியில் ஓடும். இது பழைய கதை. பொதுக் கிணறும் பொதுப் பாதையும் எல்லோருக்கும் என்று 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார். அதே வருஷம் மகாடு நகராட்சி சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. 1927 மார்ச் 20ஆம் தேதி பாபாசாகேப் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய் அள்ளிக் குடித்த பிறகுதான் அந்தத் தீர்மானத்துக்கு என்ன மதிப்பு என்பது தெரிந்தது. அடித்தார்கள். பிறகு சாணியும் கோமியமும் கலந்து 108 குடம் ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். நகராட்சி தன் தீர்மானத்தையே ரத்துசெய்தது. வழக்கு முடிய 1937 ஆயிற்று. மாடு குடித்ததற்கு யாரும் தண்ணியைச் சோதிக்கவில்லை, மனுசன் குடித்ததற்குச் சோதித்தார்கள். நீரின் தரம் என்கிற பேச்சு இந்த நாட்டில் அங்கேயிருந்து வருகிறது.

சரி, நாம் என்ன செய்வது? ஒரு நோட்டு போடுங்கள். தண்ணி நிறம் மாறிய தேதி, எந்தத் தெரு, எத்தனை பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு, தொட்டி கடைசியாகக் கழுவிய நாள், பிளீச்சிங் பவுடர் போட்டார்களா, தொட்டிக்கு மூடியும் பூட்டும் இருக்கா, சாவி யார் கையில். ஊர்த் தெருத் தொட்டிக்கும் நம்ம தெருத் தொட்டிக்கும் இதை ஒரே நாளில் எழுதுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் இருக்கின்றன. தண்ணி கொடுத்தால் ரசீது வாங்குங்கள். பிடித்தவர் பெயர், பிடித்த நேரம், எந்தக் குழாய் என்பதைப் பாட்டிலிலேயே எழுதுங்கள். ஊராட்சி எடுத்த சோதனை முடிவுகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். எந்த இடத்தில் பிடித்தது என்றும் கேளுங்கள், அது முக்கியம். மலக்கிருமிக்குச் சின்னக் குப்பி இருக்கு. தண்ணியை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்தால், கறுத்துவிட்டால் மலம் கலந்திருக்கக்கூடும் என்று அர்த்தம். கருகியது கையில் இருக்கும்போது கதை சொல்ல முடியாது.

ஈயம் அமெரிக்கச் சமாச்சாரம் என்று விட்டுவிடாதீர்கள். நம் வீடுகளில் பி.வி.சி. குழாய் கெட்டிப்பட ஈயச் சேர்மம் கலந்து வந்தது. அதை நிறுத்த 2021இல்தான் நடுவண் அரசு விதி போட்டது. பழைய குழாய் சுவருக்குள் அப்படியே இருக்கு. காலையில் முதல் தண்ணியைப் பாத்திரம் கழுவ வைத்துக்கொண்டு, கொஞ்சம் ஓடவிட்டுச் சமையலுக்குப் பிடியுங்கள். குடத்தோடு வரிசையில் நிற்கிறவளிடம் இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கு, ஓடவிட அவளுக்கு எங்கே தண்ணி?

ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, தண்ணியைச் சோதிக்கும் பெட்டி ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கு. ஈயத்தை அந்தப் பெட்டி காட்டாது, ஆனால் குளோரின், நைட்ரேட், ஃபுளோரைடு, இரும்பு இதெல்லாம் காட்டும். உங்கள் ஊரில் அந்த ஐந்து பேர் யார், அதில் நம்ம தெருப் பெண்கள் எத்தனை பேர், பெட்டி யார் வீட்டில் இருக்கு? இந்த மூன்றையும் விசாரித்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள்.